அடித்தளத்தில் ஏன் இந்த ‘ஹலோ… ஹலோ’?

வானொலியில் நேயர்களுடன் பேசும் நிகழ்ச்சி நடத்துகிற எங்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம்: “இருங்க, லிஃப்ட் வந்திருச்சு, அப்புறம் கூப்பிடுறேன்.” சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விடும். சிலர் அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்குள் இறங்கிக்கொண்டே பிறந்தநாள் வாழ்த்து சொல்வார்கள். அம்மாவின் பெயர் வரைக்கும் கேட்கும், வாழ்த்து கேட்காது. நான் ஒரு பாடலைப் போட்டுச் சமாளித்துவிடுவேன்.

ஆனால் அதே அடித்தளத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 995ஐ அழைக்க நேர்ந்தால் பாடல் போட்டுச் சமாளிக்க முடியாது. ஓட்டுநர் இல்லாமல் சுரங்கத்தில் ஓடும் ரயிலுக்கு வரவேண்டிய கட்டளை நடுவழியில் அறுந்தாலும் அப்படித்தான். அதனால்தான், பெரிய கட்டடங்களுக்குள்ளும் நிலத்துக்கு அடியிலும் வானொலி அலைகள் எப்படிப் போகும், எங்கே தேய்ந்து மறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள புக்கிட் பாஞ்சாங் நல்ல இடம். சிங்கப்பூரின் எஃப்எம் நிலையங்களை ஒலிபரப்பும் கோபுரம் பக்கத்துப் புக்கிட் பாத்தோக் குன்றில், சில கிலோமீட்டர் தொலைவில்தான் நிற்கிறது. தீவில் வானொலி தெளிவாகக் கேட்கவேண்டிய வட்டாரங்களில் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும், கடைத்தொகுதியின் அடித்தளத்துக்குள் காரை இறக்கினால் பாட்டு இரைச்சலாகிவிடுகிறது. சில தெருக்கள் தள்ளியிருக்கும் கோபுரத்தின் குரலை நம் தலைக்கு மேலுள்ள தளங்களும் சுற்றியுள்ள மண்ணும் நிறுத்திவிடுகின்றன.

தொலைவைவிடத் தடை பெரிது

திறந்த வெளியில் கணக்கு எளிது. தொலைவு இரண்டு மடங்கானால் சிக்னலின் வலு நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்கு. கட்டடத்துக்குள் இந்தக் கணக்கு செல்லாது. சுவர், தூண், அலமாரி எல்லாம் குறுக்கே வரும் இடத்தில், பத்து மடங்கு தொலைவுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக்கூட அது சரியலாம். நேர்மாறாக, நீண்ட வெறும் தாழ்வாரத்தில் அலை இரு பக்கச் சுவர்களிலும் மோதி மோதி முன்னே தள்ளப்படுவதால், திறந்த வெளியைவிட மெதுவாகவே குறைவதும் உண்டு.

எந்தப் பொருள் குறுக்கே நிற்கிறது என்பதும் முக்கியம். மெல்லிய ஜிப்சம் தடுப்பு சிக்னலை ஏறத்தாழப் பாதியாக்கும். இரும்புக் கம்பி வைத்த தடித்த கான்கிரீட், நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடக்கூடும். வெயிலின் சூட்டைத் தடுக்கப் புதிய கட்டடங்களின் கண்ணாடிகளில் பூசப்படும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் படலம், வெப்பத்தோடு சேர்த்துக் கைப்பேசி அலையையும் திருப்பி அனுப்பிவிடும். மின்தூக்கி ஓர் உலோகப் பெட்டி. மனித உடலோ பெரும்பாலும் நீர். அதுவும் அலையை உறிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறைந்திருக்கும் கடைத்தொகுதியும், இரவில் கதவு சாத்திய அதே கடைத்தொகுதியும் அலைக்கு இரண்டு வேறு இடங்கள்.

அலையின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. 96.8 எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். 1,800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைக்கு 17 சென்டிமீட்டர். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டர். பொதுவாக, அலை நீளம் குறையக் குறைய நிறையத் தகவலைச் சுமந்து செல்ல வசதி கூடும். சுவரைத் தாண்டும் திறன் குறையும்.

சுவரைத் தாண்டும் அலை என்ற எண்ணத்துக்கு வயது நூற்றுக்கும் மேல். 1895ல் கோல்கத்தாவின் நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர்கள் வழியாகச் செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள்தாம் இன்று 5ஜியின் மிக உயர்ந்த அலைவரிசைகளாகத் திரும்பி வந்திருக்கின்றன.

எதிரொலியே பாதிச் சிக்னல்

ஒலிபரப்புக் கூடத்தின் சுவர் முழுவதும் பஞ்சு போன்ற பொருள் ஒட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்பி ஒலிவாங்கிக்குள் மறுபடி விழக்கூடாது என்பதற்காகத்தான். திருமண மண்டபத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில் வாழ்த்திப் பேசும்போது பாதி புரியாமல் போவதும் இதே காரணத்தால்தான். நேரே வரும் சொல்லும், கூரையில் பட்டு வரும் சொல்லும், பின்சுவரில் பட்டு வரும் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

வானொலி அலைக்கும் இதே கதைதான். வேகம் மட்டும் வேறு. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளி நேரத்துக்கு நானோநொடி என்று பெயர். அந்த நேரத்தில் அலை 30 சென்டிமீட்டர் நகரும். 1987ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அடெல் சாலே, ரெய்னால்டோ வாலென்சுவேலா இருவரும் ஓர் இரண்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்குள் மிகக் குறுகிய அலைத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பித் திரும்பி வருவதை அளந்தார்கள். ஒரே துடிப்பின் எதிரொலிகள் 100, 200 நானோநொடிகள் வரை தாமதித்து வந்து சேர்ந்தன. அதாவது, சில எதிரொலிகள் நேர்வழியைவிட 30 முதல் 60 மீட்டர் வரை கூடுதலாகச் சுற்றியிருந்தன. அவை தனித்தனியாக வராமல் கூட்டம் கூட்டமாக வருவதையும் அவர்கள் கண்டார்கள். அவர்கள் எழுதிய கணித மாதிரி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

இரண்டு எதிரொலிகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போது என்ன ஆகும்? அலையின் மேடும் மேடும் சேர்ந்தால் சிக்னல் கூடும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அடுக்குமாடிகளுக்கு இடையே சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஃப்எம் இரைந்து, கார் ஒரு மீட்டர் நகர்ந்ததும் தெளிவாவதைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று மீட்டர் அலைக்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி அவ்வளவுதான். கைப்பேசியின் அலை சிறியது என்பதால் ஒரு சாண் நகர்ந்தாலே போதும். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைக்கும் பழக்கத்தில் கொஞ்சம் இயற்பியல் இருக்கத்தான் செய்கிறது.

கான்கிரீட் ஊற்றும் முன்பே

கட்டி முடித்த பிறகு சிக்னல் இல்லை என்று கண்டுபிடித்தால், கூரையைப் பிரித்துக் கம்பி இழுக்க வேண்டும். செலவும் அதிகம், தொல்லையும் அதிகம். அதனால் பொறியாளர்கள் வரைபட நிலையிலேயே கணக்கைத் தொடங்குகிறார்கள். அதற்கு மூன்று படிகள் உண்டு.

முதலாவது, அனுபவக் கணக்கு. 1992ல் ஸ்காட் சைடல், தியடோர் ராப்பபோர்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். பல மாடிக் கட்டடங்களுக்குள் 914 மெகாஹெர்ட்ஸ் அலையை அளந்து, குறுக்கே எத்தனை தளம், எத்தனை சுவர், எத்தனை தடுப்பு என்று எண்ணினாலே சிக்னலை ஓரளவு சொல்லிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஒரே ஒரு தளம் குறுக்கே வந்தபோது, சராசரியாக ஓர் அலுவலகக் கட்டடத்தில் சிக்னல் 20ல் ஒரு பங்கானது, இன்னொன்றில் 40ல் ஒரு பங்கானது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது தளங்கள் முதல் தளம் அளவுக்குப் பிடுங்கிக்கொள்வதில்லை. அலை சன்னல் வழியே வெளியேறி, எதிர்க் கட்டடத்தில் பட்டு, இன்னொரு சன்னல் வழியே உள்ளே வந்துவிடுகிறது. வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வரும் பூனைபோல.

இரண்டாவது, கதிர்க் கணக்கு. கட்டடத்தின் முப்பரிமாண வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சுவருக்கும் ‘இது கான்கிரீட்’, ‘இது கண்ணாடி’, ‘இது உலோகம்’ என்று குறித்துவிடுவார்கள். பிறகு ஆண்டெனாவிலிருந்து ஆயிரக்கணக்கான கதிர்களைக் கணினி எல்லாத் திசையிலும் விடும். ஒவ்வொன்றும் எங்கே மோதி எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு ஊடுருவுகிறது, எந்த மூலையில் வளைகிறது என்று பின்தொடரும். முடிவில் தளம் முழுதும் வண்ணப் படமாக விரியும். சிவப்பாக இருந்தால் வலுவான இடம், நீலமாக இருந்தால் ஆபத்தான இடம்.

மூன்றாவது, நடைக் கணக்கு. அளவுக் கருவியைக் கையிலோ முதுகுப்பையிலோ வைத்துக்கொண்டு ஒருவர் கட்டடம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். படிக்கட்டுகள், குப்பை அறை, கழிவறை என்று ஒன்றையும் விடக்கூடாது. கணினி சொன்னதும் நடந்தவர் கண்டதும் ஒத்துப்போகாத இடத்தில் மாதிரியைத் திருத்துவார்கள்.

பெரிய இடங்களில் எதிர்பாராத சிக்கலும் உண்டு. 2017ல் திறந்த புக்கிட் பாஞ்சாங் ஒருங்கிணைந்த போக்குவரத்து நடுவத்தில் கடைத்தொகுதி, பேருந்துச் சந்திப்பு, பெருவிரைவு ரயில், இலகு ரயில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. இதுபோன்ற இடங்களில், அதிலும் நடுவில் கூரை வரை திறந்திருக்கும் முற்றம் இருந்தால், பல ஆண்டெனாக்களின் சிக்னலும் ஒரே நேரத்தில் ஒருவருக்குக் கிடைக்கும். எதைப் பிடிப்பது என்று கைப்பேசி தடுமாறும். நாலு பேர் ஒரே நேரத்தில் வழி சொன்னால் நாம் திகைப்பதைப்போல. ஆகவே எங்கே சிக்னல் கொடுப்பது என்பதோடு, எங்கே கொடுக்காமல் நிறுத்துவது என்பதும் கணக்கில் சேரும். கடைத்தொகுதிக் கூரையில் ஆங்காங்கே தெரியும் சிறு வெள்ளைத் தட்டுகளில் பல இப்படி இடம் பார்த்து வைத்த ஆண்டெனாக்கள்.

சுரங்கத்தில் கசியும் கம்பி

2015 டிசம்பர் 27ஆம் தேதி டௌன்டவுன் பாதை புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்தது. இப்போது அங்கே ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். வழி முழுக்க நிலத்தடிதான். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகும் அக்கா, தேக்காவில் காத்திருக்கும் தங்கையிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம்.

மண்ணைத் துளைத்துக்கொண்டு எந்தக் கோபுரத்தின் அலையும் அங்கே போவதில்லை. இதுபோன்ற சுரங்கங்களின் சுவரோரமாக ஒரு தடித்த கம்பிவடம் ஓடும். சாதாரணக் கம்பிவடத்தில் அலை வெளியே கசியாதபடி உலோக உறை மூடியிருக்கும். இதிலோ வேண்டுமென்றே உறையில் வரிசையாகத் துளைகள் வெட்டியிருப்பார்கள். சொட்டுநீர்ப் பாசனக் குழாயைப்போல, வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக அலை கசியும். சுரங்கத்தின் வளைவு, ரயிலின் உலோக உடல், உள்ளே நிற்கும் கூட்டம் ஆகியவற்றையெல்லாம் பார்த்துத்தான் எவ்வளவு இடைவெளியில் மறுபடி வலு கூட்டுவது என்று முடிவு செய்கிறார்கள்.

சாலைச் சுரங்கத்தில் இது எங்கள் துறையையும் தொடுகிறது. 2008ல் முழுமையாகத் திறந்த காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையின் 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் எஃப்எம் வானொலி தடையின்றிக் கேட்பது தற்செயல் இல்லை. உள்ளே தனியாக மறு ஒலிபரப்புச் செய்கிறார்கள். தீயோ விபத்தோ நேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை இடைமறித்து ஓட்டுநர்களுக்கு அவசர அறிவிப்பு சொல்ல முடியும். எனவே சுரங்கத்துக்குள் வானொலியை அணைத்துவிடாதீர்கள். வானொலிக்காரர் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

ஒரு ரயில் வாய்விட்டுக் கத்தியபோது

சிக்னல் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அதன்மேல் வேறு குரல் ஏறக்கூடாது. இதை சிங்கப்பூர் 2016ல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலிருந்து வட்டப் பாதை ரயில்கள் திடீர் திடீரென்று சமிக்ஞையை இழந்தன. ஓட்டுநர் இல்லாத ரயில், கட்டளை கேட்காவிட்டால் பாதுகாப்புக்காகத் தானே அவசரமாக நின்றுவிடும். எந்த நேரம், எந்த நிலையம், எந்த ரயில் என்று எதிலும் ஒழுங்கு தெரியவில்லை. நவம்பர் தொடக்கத்தில் சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

கவ்டெக் எனப்படும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் மூவரிடம் சம்பவப் பட்டியல் வந்தது. அவர்கள் ஒரு பழைய உத்தியைக் கையில் எடுத்தார்கள். நேரத்தை ஓர் அச்சிலும் நிலையங்களை இன்னோர் அச்சிலும் வைக்கும் இந்த ரயில் வரைபடம், 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியென்-ஜூல் மாரேயின் பெயரால் அறியப்படுகிறது. சம்பவங்களைப் புள்ளிகளாக வைத்ததும், சிதறிக் கிடந்தவை கோடுகளாகத் தெரிந்தன. நிற்கும் ரயில்களின் எதிர்த் தண்டவாளத்தில் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. கடந்து செல்லும் ஒரு ரயில்தான் மற்ற ரயில்களின் சமிக்ஞையைக் குலைக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அந்த ரயிலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் பாதிக்கப்பட்ட ரயில்களின் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

பிவி46 என்ற அந்த ரயிலில் இருந்த கோளாறான கருவி தவறான சமிக்ஞைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது சோதனையில் உறுதியானது. நவம்பர் 11ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையமும் எஸ்எம்ஆர்டியும் அதை அறிவித்தன. நடந்த சம்பவங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை அந்த ஒரே ரயிலைக் கொண்டு விளக்க முடிந்தது.

புக்கிட் பாஞ்சாங்வாசிகளுக்கு இது பழங்கதை இல்லை. 1999ல் தொடங்கிய நம் வட்டார இலகு ரயிலைப் புதுப்பிக்க 2018ல் 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. 19 புதிய ரயில்களோடு, வானொலி வழியே ரயிலும் கட்டுப்பாட்டு அறையும் இடைவிடாமல் பேசிக்கொள்ளும் புதிய சமிக்ஞைக் கட்டமைப்பும் அதில் அடக்கம். அடுக்குமாடிகளுக்கு நடுவே, நூற்றுக்கணக்கான வீட்டு வைஃபைகளுக்குப் பக்கத்தில் ஓடும் ரயில் அது.

எதிரொலியை நண்பனாக்கிய பொள்ளாச்சிக்காரர்

பல பத்தாண்டுகள் பொறியாளர்கள் எதிரொலியை எதிரியாகவே பார்த்தார்கள். அதைக் குறைக்க, வடிகட்ட, மறைக்கத்தான் முயன்றார்கள். அந்தப் பார்வையைத் திருப்பியவர்களில் முதன்மையானவர் 1944ல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் இருந்தபோது நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கியவர். கடலுக்குள் ஒலி பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பழகிய காது அது.

பின்னர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் சென்ற அவருக்கு 1990களின் தொடக்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆண்டெனாக்களை வைத்தால், வெவ்வேறு பாதைகளில் பட்டு வரும் அலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியலாம். பிரிக்க முடிந்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தகவல்களை அனுப்பலாம். சுவர்கள் நிறைந்த இடத்தில் எதிரொலிகள் வெவ்வேறாக இருக்கும். ஆக, எதிரொலிகள் நிறைந்த இடமே அதற்கு வசதி! தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் 1992ல் விண்ணப்பித்த காப்புரிமை 1994ல் கிடைத்தது. அதன் தலைப்பில் ‘ஒலிபரப்பு’ என்ற சொல் இருப்பதில் எங்கள் துறைக்கு ஒரு சிறு பெருமை.

மைமோ என்ற பெயரில் அந்த யோசனை 2009ல் வைஃபை தரநிலையிலும், பிறகு 4ஜி, 5ஜியிலும் அடித்தளமானது. 2014ல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. இன்று நம் வீட்டு ரௌட்டரில் பல ஆண்டெனாக்கள் இருக்கின்றன என்றால், சிலவற்றில் கொம்புபோல வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் பொள்ளாச்சி இருக்கிறது.

வீட்டில் நீங்களே போடும் கணக்கு

1998 முதல் கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாதுகாப்பறை உண்டு. நாம் பேச்சில் ‘பாம் ஷெல்டர்’ என்போமே, அதுதான். தடித்த கம்பிக் கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்டது. வெடிப்பைத் தாங்கக் கட்டிய அறை, வைஃபையையும் நன்றாகவே தாங்கிக்கொள்ளும். பார்வைக்கு மறைவாக இருக்கட்டும் என்று ரௌட்டரை அதற்குள் வைப்பவர்கள் நிறைய. அதன் சுவரைத் துளைக்கவோ உடைக்கவோ கட்டுப்பாடு உண்டு என்பதால், ரௌட்டரை வெளியே கொண்டுவருவதுதான் எளிய வழி.

வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்துக்கு மேல், திறந்தபடி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி, பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பும், நீர் உறிஞ்சும். தூரத்து அறைக்கு 2.4, அதே அறையில் வேகம் வேண்டுமானால் 5 கிகாஹெர்ட்ஸ். வெளிச் சிக்னல் மோசமான வீடாக இருந்தால், வைஃபை வழியே அழைக்கும் வசதி திறன்பேசியில் இருக்கிறதா என்று பார்த்து இயக்கிவையுங்கள்.

வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். குளியலறையில் வழுக்கி விழ நேரலாம். இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, கைப்பேசியில் யாரையாவது அழைத்தபடி வீட்டின் ஒவ்வோர் இடத்திலும் நில்லுங்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். மின்தூக்கி முகப்பு, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் வரை நடந்து பாருங்கள். குரல் அறுந்த இடங்களை ஒரு தாளில் குறித்து, அப்பா அம்மாவிடம் காட்டி, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தால் பேச முடியும் என்பதையும் சொல்லிவையுங்கள்.